மெல்லிய நாண்

ஜுபைல்
6 ஜூன் 1982

யோங்சிம்,

அம்மாவுக்கு முதுகுவலி குறைந்ததா? போன கடிதத்தில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். அம்மாவைப் பற்றி இரண்டே வரி. கூரையைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

நான் நன்றாக இருக்கிறேன். இந்தப் பாலைவனத்தில் வெயில் ஏறிவிட்டால் கட்டடக் கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. அதனால் விடியலிலேயே கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். சாப்பாட்டில் நம் ஊர்க் கிம்ச்சி ஊறுகாய் உண்டு. யாரோ அதைப் பற்றிக் காதால் கேட்டு மட்டும் செய்தது போல இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மழைக்காலம் வருகிறது. வில் இருக்கும் பெட்டியில் பல்பு அணையக் கூடாது. கைக்குழந்தையைப் படுக்க வைக்கிற சூடு இருந்தால் போதும். எருமைக் கொம்பு, மூங்கில், மாட்டு நரம்பு எல்லாம் மீன் பசையால் ஒட்டியது அது. ஈரம் ஏறினால் பசை இளகும். அப்புறம் அது வில் இல்லை, நாலு சாமான். ஈரக் கையோடு பெட்டியைத் திறக்காதே. உலர்ந்த கையோடும் அடிக்கடி திறக்காதே.

இலையுதிர்காலத்தில் ஊருக்கு வந்து வில்வித்தை ஐந்தாம் படித் தேர்வில் நிற்பேன் என்று நம் வில் மண்டபத் தலைவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதற்குக் கொம்பு வில்தான் செல்லும். இப்போது எல்லாரும் வாங்குகிற கண்ணாடியிழை வில்லோடு போனால் வரிசையிலேயே விடமாட்டார்கள். எனக்கு இருப்பது அந்த ஒரே பழைய வில். ஜின்ஜு முழுக்க எனக்குப் பெயர் "ஏ, கம்பிக்காரா". அந்த மண்டபத்தில் மட்டும்தான் "வாங்க தல்சூ" என்பார்கள். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

நாண் இழுக்கிற விரல் வளையத்தை மட்டும் கையோடு கொண்டுவந்தேன். வேலை முடிந்ததும் அதை வலது கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, போர்வையை முறுக்கிக் கட்டிலில் கட்டி இழுத்துப் பழகுகிறேன். பக்கத்துக் கட்டில்காரன், "போர்வை செத்துருச்சுய்யா, விடு" என்கிறான்.

பல்பை மறக்காதே.

அண்ணன்


ஜின்ஜு
22 ஜூன் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் அம்மா. முதுகுவலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. காரணம் உங்கள் வில்.

மழை தொடங்கியதிலிருந்து மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பயந்துபோய் உள்ளறைத் தரைக்கு அடியில் இருக்கும் அடுப்பில் கரிக்கட்டி போட்டுச் சூடேற்றி, வில்லை விரிப்பில் சுற்றித் தரையில் கிடத்தினேன். ஜூன் மாதத்தில் நம் வீட்டுப் புகைபோக்கியில் புகை. பக்கத்து வீட்டார் வந்து, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்கள். அம்மா, "எம் மூத்த மகனுக்குத்தான். உள்ள படுத்திருக்கான். அவனுக்கு அறை, எனக்குக் கூடம்" என்றாள்.

நீங்கள் திறக்காதே என்றீர்கள். ஆனால் விரிப்பில் சுற்றும்போது பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது? நாண் இல்லாமல் அது இவ்வளவு சுருண்டிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தாண்டி நிற்கின்றன. கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. பெட்டியில் தொங்கிய நாண் கெட்டுவிட்டது. முடிச்சுக்குப் பக்கத்தில் நூல் பிரிந்து, சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது.

மண்டபத்துக்கு நான் தனியாகப் போகக் கூச்சப்பட்டேன். அதனால் சந்தையில் குவாக் அக்காவின் சூப்புக் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் உங்களோடு அம்பு எய்கிற வரிசையில் நிற்பவர்தானே. கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வில்லைப் பார்த்தார். "இப்படியே சுருட்டி வெச்சிருந்தா ஒங்கண்ணன் வர்றதுக்குள்ள இது நாய் வாலாயிடும், டீச்சர். மழை விடுற அன்னிக்கு ஒரு தடவ நாண் ஏத்தி, மிதிச்சு நிமுத்தணும். புது நாண் வாங்கி வை."

எந்த நாண்? எவ்வளவு நீளம்? எனக்கு எதுவும் தெரியாது. உடனே எழுதுங்கள். உங்கள் கடிதம் வரும் வரை மழை விடாமல் இருக்க வேண்டும் என்றும், மழை இப்படியே பெய்தால் வில் என்ன ஆகும் என்றும் மாறி மாறிக் கவலைப்படுகிறேன்.

அம்மா உங்களுக்குக் கம்பளிக் கையுறை பின்னப் போகிறாளாம். பாலைவனத்தில் குளிர்கால இரவுகள் ஊசியாய்க் குத்தும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாளில் கையை வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பச் சொல்கிறாள்.

இன்னொரு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டீர்கள்தானே? என் படிப்பு முடிந்தது. எனக்குச் சம்பளம் வருகிறது. நீங்கள் வெயிலில் நிற்க இனி காரணம் இல்லை.

யோங்சிம்


ஜுபைல்
5 ஜூலை 1982

யோங்சிம்,

கடிதம் இன்றுதான் வந்தது. இதைப் படிப்பதற்குள் நீ கடைக்குப் போயிருக்கக் கூடாது.

நூல்: புதிதாக ஒரு நூல் வந்திருக்கிறது, நீளவே நீளாது என்று விற்பார்கள். அது கண்ணாடியிழை வில்லுக்கு. பழைய கொம்பு வில்லுக்கு விஷம். அம்பை விட்டதும் வருகிற அடியில் பாதியை, கொஞ்சம் நீளக்கூடிய நூல் தானே வாங்கிக்கொள்ளும். நீளாத நூல் மொத்தத்தையும் முனைக்குக் கொடுத்துவிடும். முனை எத்தனை நாள் தாங்கும்?

நீளம்: பழைய நாணை எறியாதே, அதுதான் அளவு. ஆனால் அது இழுபட்டு நீண்டிருக்கும். புதியதை நகம் அளவு குறைத்து முடிச்சுப் போட வேண்டும். இதை மறந்தால் நாண் தொளதொளத்துவிடும். தொளதொளத்த நாண் வில்லைப் பிடித்து வைக்காது.

கனம்: தடித்த நாண். என் அம்பும் கனம், இழுப்பும் கனம். மெல்லிய நாண் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. அதை என் வில்லில் பார்த்தால் மண்டபத்துக் கிழவர்கள் சூப்பைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள்.

முனைக்குப் பக்கத்தில் வட்டமான தோல் பொட்டு இரண்டு இருக்கும். நாணின் முடிச்சு அவற்றின் நட்டநடுவில் உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் வில் புரண்டுவிடும். குவாக் அக்கா ஏற்றட்டும். நீ ஏற்றாதே. பக்கத்தில் நின்று பார்.

கையுறை எல்லாம் எதற்கு? இப்போது இங்கே முட்டையை மணலில் வேகவைக்கலாம்.

கையெழுத்தைப் பற்றி இலையுதிர்காலத்தில் நேரில் பேசலாம்.

அண்ணன்


ஜின்ஜு
18 ஜூலை 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். வரிசையாகவே சொல்கிறேன்.

வியாழக்கிழமை மழை விட்டது. அடுத்த மழை வருவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று குவாக் அக்கா ஆள் அனுப்பினார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் ஒரு வெள்ளை நாணை எடுத்து மேசைமேல் அறைந்தான். "இத எடுங்கக்கா. நீளவே நீளாது. சண்டக் காளையக் கட்டிப் போடலாம்." நீளாது என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். நான் கணக்கு ஆசிரியை. அளவு மாறாத பொருளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. பழைய நாணோடு வைத்து, இம்மி பிசகாமல் அதே நீளத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மண்டபத்தில் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. குவாக் அக்கா வில்லைக் கனல்மேல் காட்டிக் காட்டிச் சூடேற்றினார். ஆறியதும் முனைகளை மெல்லப் பின்னால் வளைத்து நாணை மாட்டினார். மாட்டியதும் கீழே வைத்து ஒரு பக்கத்தை மிதித்தார்.

"அந்தப் பக்கம் நீ மிதி, டீச்சர்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"செருப்பக் கழட்டிட்டு மிதிடி. அது ஒங்கண்ணன் தலையில்ல, வில்லுதான்."

கிழவர்கள் சிரித்தார்கள். நான் காலை வைத்தேன். ஆனால் பாரத்தை வைக்கவில்லை. நீங்கள் ஒரு விரல்கூட வைக்க விடாத பொருளின்மேல் எப்படிக் காலை ஊன்றுவது? அக்கா ஒரு கண்ணை மூடி முனையிலிருந்து பார்த்தார். "முடிச்சு பொட்டு நடுவுல ஒக்காரலியே... நாண் தொளதொளங்குதே... நல்லா அமுக்கு, அமுக்கு..." என்று சொல்லும்போதே வில் என் காலடியிலிருந்து உயிருள்ளது போலத் துள்ளிப் புரண்டது. வயிறு முதுகாகி, முதுகு வயிறாகிவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை. உலர்ந்த முள்ளங்கியை ஒடித்தது போலத்தான் இருந்தது. மேல் பாதியில் கொம்பு ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்து நிற்கிறது.

பிறகு அக்கா நாணை உருவிப் பார்த்தார்.

"இந்த நூல எந்த மகராசன் குடுத்தான்?"

ஒரு கிழவர், "மீன் பிடிக்க வாங்குனதா இருக்கும்" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தன் அம்புகளைத் துடைக்கப் போய்விட்டார்.

"அழாத டீச்சர். செத்துப்போகல. காலு சுளுக்கிருக்கு, அவ்வளவுதான். யேச்சோன்ல இதப் பண்றவரு இருக்காரு. அனுப்புவோம்."

தலைவரே நாளை எடுத்துப் போகிறார். கொம்பைச் சீவி மறுபடி ஒட்டலாம், ஆனால் வலு குறையும் என்கிறார். எவ்வளவு என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இலையுதிர்காலத்துக்குள் வருமா என்றும் கேட்கவில்லை.

நீங்கள் என்ன திட்டினாலும் சரி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உள்ளறை காலியாக இருக்கிறது, இன்னும் கூடத்தில்தான் படுக்கிறாள்.

யோங்சிம்


ஜின்ஜு
21 ஜூலை 1982

அண்ணா,

ஐந்தாம் தேதி எழுதியது இன்று வந்தது. நீளாத நூல். நகம் அளவு. இரண்டையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால்.

எதையாவது எழுதுங்கள்.

யோங்சிம்


ஜுபைல்
24 ஆகஸ்ட் 1982

யோங்சிம்,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

வில்லைப் பற்றிக் கவலைப்படாதே. பழைய வில்தானே. எவன் கையில் இருந்தாலும் ஒருநாள் புரளும். யேச்சோன்காரர் எவ்வளவு வேண்டுமோ சீவட்டும். இளகிய வில்லாக வந்தால் நல்லதுதான். வந்ததும் மெல்லிய நாணாகப் பார்த்துப் போடச் சொல். உன் கைக்கு ஏற்றபடி. குவாக் அக்காவிடம் கற்றுக்கொள். நீ எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாய்.

என்னைக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். நிழல். மின்விசிறிகூட உண்டு. அதிர்ஷ்டம்தான்.

இலையுதிர்காலத்தில் வரவில்லை. இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைவரிடம் நீயே சொல்லிவிடு.

அம்மா கேட்டபடி கையை வரைந்து வைத்திருக்கிறேன். இடது கை. வலதுக்கு அதையே திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொல்.

அண்ணன்


ஜின்ஜு
6 செப்டம்பர் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏன் திட்டவில்லை?

சிறுவயதில் உங்கள் வில் உறையின் மேல் ஈரத் துண்டைப் போட்டதற்கு என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தீர்கள். இப்போது கொம்பே பெயர்ந்து நிற்கிறது, "பழைய வில்தானே" என்கிறீர்கள். நான் பதிலுக்காகப் பயந்துகொண்டு காத்திருந்தேன். பதிலைப் படித்ததும் அந்தப் பயம் போய் வேறொரு பயம் வந்தது. அது போகவே இல்லை.

என் வகுப்பில் ஒரு மாணவி இடது கையால் எழுதுவாள். எழுதிய மையின்மேலேயே கை நகர்வதால் அவள் வரிகள் எல்லாம் வலப்பக்கமாக ஈஷியிருக்கும். உங்கள் கடிதமும் அப்படி இருக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது போல எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. கையை வரைந்த கோடோ விரலுக்கு விரல் நடுங்குகிறது. நாணை இழுக்கிற அந்தக் கட்டைவிரல் இல்லாமல் வலது கையில் பேனாவைப் பிடித்து வரைந்தால் கோடு எப்படி வரும் என்று நானே செய்து பார்த்தேன்.

அப்படித்தான் வருகிறது, அண்ணா.

ஜூலையில் தடித்த நாண் என்று எழுதினீர்கள். மெல்லிய நாண் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, உங்கள் வில்லில் பார்த்தால் சிரிப்பார்கள் என்று எழுதினீர்கள். ஆகஸ்டில் மெல்லிய நாண் போடச் சொல்கிறீர்கள். வில்லையே எனக்குக் கொடுத்துவிட்டீர்கள். இந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது?

அம்மா தாளைப் பார்த்து, "ஏன் ஒரு கைய மட்டும் அனுப்பிருக்கான்? சோம்பேறிப் பய" என்று சிரித்துவிட்டுப் பின்ன ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இடது கையுறை முடிந்தது. இப்போது வலது.

உங்கள் வலது கையை வரைந்து அனுப்புங்கள்.

தலைவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

யோங்சிம்


ஜுபைல்
20 செப்டம்பர் 1982

யோங்சிம்,

வாத்தியாரம்மாவிடம் மறைக்க முடியவில்லை.

ஜூலை கடைசியில். கம்பி வளைக்கிற எந்திரத்தில் கையுறை சிக்கியது. கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. மற்ற நாலும் இருக்கின்றன. கரண்டி பிடிக்க முடிகிறது, பொத்தான் போட முடியவில்லை. வலி இல்லை. ராத்திரியில் மட்டும் இல்லாத விரல் அரிக்கும். சொறிய எதுவும் இல்லை.

உன் கடிதம் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தது. வில் புரண்டது என்று படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. வில் நன்றாக இருந்து, நான் இந்தக் கையோடு அதன் முன்னால் வந்து நிற்பதை நினைத்துப் பார். நீ அழுதுகொண்டு எழுதியதை நான் நிம்மதியாகப் படித்தேன். அதனால்தான் திட்ட வரவில்லை.

வரைந்து அனுப்ப மாட்டேன். அம்மா கையில் அந்தத் தாள் இருக்கக் கூடாது. மண்டபத்திலும் சொல்லாதே. அங்கே எல்லாரும் எழுந்து நின்று "வாங்க தல்சூ" என்று சொல்லி, பிறகு என் கையைப் பார்ப்பார்கள். அதற்கு இங்கே "ஏ, கிடங்கு" என்று கூப்பிடுவது எவ்வளவோ மேல்.

வளையத்தை இதோடு அனுப்புகிறேன். உனக்குப் பெரிதாக இருக்கும், துணி சுற்றிக்கொள். வைத்திருந்தால் கை அதைத் தேடுகிறது.

வில் உனக்கு. மெல்லிய நாண்.

அண்ணன்


ஜின்ஜு
4 அக்டோபர் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

சுசொக் பண்டிகைக்கு முந்தின நாள் வில் யேச்சோனிலிருந்து வந்துவிட்டது. கொம்பு ஒட்டிய இடத்தில் விரலால் தடவினால் மட்டும் தெரிகிறது. வலு குறைந்திருக்கிறது, பாதிக்கு மேல் என்றே சொல்கிறார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் உங்கள் பொட்டலம் வந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னால் நூலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவள் ஊசிகளைக் கீழே வைத்தாள். பிறகு பின்னி முடித்திருந்த வலது கையுறையை எடுத்து, கட்டைவிரலை மட்டும் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். ஓட்டையைத் தைத்து மூடினாள். "குளிர் காத்து உள்ள போகும்ல" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

குவாக் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒருவரிடம் மட்டும். சொல்லாமல் வில்லுக்கு நாண் ஏற்ற முடியாது. ஏனென்றால் வலக்கையால் இழுப்பவர்களுக்கு மேல் முனையை மயிரிழை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் ஏற்றுவார்களாம். இந்த முறை வில்லைச் சூடாக்கி ஆறவைத்துவிட்டு, "ஒன் கைக்குத்தான? வழக்கம்போல சாச்சிரவா?" என்றார். "இல்ல, எதிர்ப் பக்கம் சாய்ங்க" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். காரணம் கேட்டார். சொன்னேன்.

குனிந்து கனலைக் கிளறினார். பிறகு, "அய்கோ, எடக்கைக்காரனா! எடக்கை ஆளு வரிசைக் கடைசில எங்களப் பாத்த மாதிரில்ல நிக்கணும். இனிமே ஒவ்வொரு அம்புக்கும் ஒங்கண்ணன் மூஞ்சியப் பாத்துக்கிட்டா எய்யணும்? ஒரு அம்பாச்சும் போய்ச் சேருமா?" என்றார். சொல்லிவிட்டுப் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாண் நானே வாங்கினேன். அதே கடை. பையன் மறுபடி காளைக் கதையை ஆரம்பித்தான். "நீளுற நூல் குடு தம்பி" என்றேன். நீங்கள் சொன்னபடியே மெல்லிய நாண்தான். ஆனால் என் கைக்காக வாங்கவில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மெல்லிய நாண் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? இடது கையால் நீங்கள் இன்னும் ஒரு அம்புகூட விட்டதில்லை. ஐந்தாம் படி இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் இருக்காது. முதலில் அம்பு இலக்குக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தைத் தாண்டட்டும் என்கிறார் அக்கா.

இந்த முறை மிதிக்கச் சொன்னபோது இரண்டு காலாலும் ஏறி நின்றேன். முடிச்சு இரண்டும் பொட்டின் நடுவில் உட்கார்ந்தன. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று என்னை இறங்கவே விடவில்லை. வில் புரளவில்லை.

வளையத்தைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் இடது கட்டைவிரல் கொஞ்சம் மெலிந்தது என்பது அந்தத் தாளில் தெரிகிறது. கையுறையில் பிரித்த நூல் மீதம் இருந்தது. அம்மா அதை வளையத்தின் உள்ளே சுற்றிக் கொடுத்தாள். போர்வையைக் கட்டிலில் கட்டுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். தோல் காய்ப்புக் காய்க்க எவ்வளவு காலம் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தலைவரிடம் நீங்கள் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வசந்தகாலத்தில் வருவீர்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கையெழுத்தை என்ன செய்வது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் கேட்காமல் இரண்டு பேரிடம் சொன்னேன், ஒருவரிடம் பொய் சொன்னேன். வில்லை இடக்கைக்கு மாற்றினேன். பழைய நாணைவிட நகம் அளவு குறைக்கச் சொன்னீர்கள், வில் இளகிவிட்டதே என்று நானாகவே இரண்டு நகம் குறைத்தேன். அது தப்பாகக்கூட இருக்கலாம்.

திட்டி எழுதுங்கள்.

யோங்சிம்